ஞானஸ்நானப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்

"காலம் கெட்டுப்போச்சு" என்பது இன்றைக்குப் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்த பிறகு பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதில்லை, ஷிப்டுக்குப் போகிறார்கள். சம்பளம் வந்த அன்றைக்கே டாஸ்மாக். வீட்டில் குடும்ப ஜெபம் நின்றுபோய் டி.வி.யும் செல்போனும் ஓடுகின்றன. ஆகவே விசுவாசம் குறைந்தது, விசுவாசம் குறைந்ததால் ஒழுக்கம் குறைந்தது என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சேரியின் பக்கமிருந்து ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது. விசுவாசம் கூடியிருந்த காலத்தில் ஒழுக்கம் எப்படி இருந்தது? யார் யாரிடம் ஒழுக்கமாக நடந்துகொண்டார்கள்? திருவள்ளூர் மாவட்டத்தின் மண்ணிலேயே இதற்குப் பதில் கிடக்கிறது.

பழவேற்காட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்குள் முறையாக ஆராதனை நடந்தது. 1630-களில் அங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-இல் அது ஹாலந்தில் அச்சானது. வேதம், சடங்கு, சாதி வரிசை எல்லாம் அதில் இருக்கின்றன. அதே நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் சண்டையும் வந்தபோதெல்லாம் ஆயிரக்கணக்கான சனங்களை விலைக்கு வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அப்படி ஏற்றிய துறைகளில் பழவேற்காடும் ஒன்று. வாங்கியவன் கிறிஸ்தவன். பிடித்துக் கொடுத்த தரகன் உள்ளூர்க்காரன். போதகர் பிராமணரிடம் தத்துவம் கேட்டுக்கொண்டிருந்தார். கப்பலில் ஏறியவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விசுவாசம் குறைவில்லாமல் இருந்த நூற்றாண்டு அது.

அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று கம்பெனி அரசு 1843-இல் சட்டம் போட்டது. 1858-இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. குடிமக்களின் மத நம்பிக்கையில் அரசு தலையிடாது என்று அதில் சொல்லியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதியையும் மதத்தின் கணக்கிலேயே சேர்த்து எழுதிக்கொண்டார்கள். மிராசுதார் படியாளை அடித்தால் அது ஊர் வழக்கம். சேரிக்காரன் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாவிட்டால் அது மத விஷயம். அதில் அரசு தலையிடாது. இன்றைக்கு நாம் மதச்சார்பின்மை என்று சொல்வதற்கு இந்த நாட்டில் இப்படியும் ஒரு முன்கதை உண்டு.

அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் இருந்தன. ஜில்லா முழுவதும் மிராசு கிராமங்கள். படியாளுக்கு நிலம் கிடையாது, கூலி தானியம்தான். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சின்னக் கடனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பரம்பரையாக அதே பண்ணையில் கிடக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கிலி ஒன்று உண்டு. அவன் குடிசை நிற்கிற இடமும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு சேரி சேரியாக சனங்கள் மிஷனைத் தேடிப் போனார்கள். இதை மிஷனரிகள் மாற்றிய கதையாகவே இரண்டு தரப்பும் எழுதி வைத்திருக்கின்றன. ஆதரிப்பவர்கள் மிஷனரியின் தியாகம் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் மிஷனரியின் சூழ்ச்சி என்கிறார்கள். இரண்டிலும் நம்ம சனங்க சும்மா நிற்கிறார்கள். உண்மையில் நடந்ததைப் பார்த்தால், பல ஊர்களில் சேரிதான் கூடிப் பேசி முடிவெடுத்து ஆள் அனுப்பியது. தனியாள் ஆத்தும ரட்சிப்பை எதிர்பார்த்திருந்த வெள்ளைக்கார ஐயர்களுக்கு இது சங்கடமாக இருந்தது. இவர்கள் விசுவாசத்தால் வருகிறார்களா, சோற்றுக்காக வருகிறார்களா என்று அவர்களே தங்களுக்குள் விவாதித்தார்கள்.

திருவள்ளூரில் வேலை செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி 1882-இல் இந்தியாவுக்கு வந்தவர். ஈக்காடு அவருடைய ஊழியத்தின் மையமாயிற்று. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். வேத பாடத்தோடு இந்த இருவரும் நிற்கவில்லை. நிலம், வீட்டுமனை, கடன் சீட்டு என்று பேசினார்கள், எழுதினார்கள். அவர்களைப் பேச வைத்தது சேரி. பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்றால் இடம் வேண்டும், இடம் மிராசுதாருடையது. அப்போதுதான் முழுச் சங்கிலியும் வெள்ளைக்கார ஐயரின் கண்ணில் பட்டது.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வீட்டுமனை, தரிசு நிலம், பள்ளி என்று தெளிவாகக் கேட்டார். ரெவின்யூ போர்டுக்கு அது ருசிக்கவில்லை. இருந்தாலும் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் மூலம் அதுதான். பஞ்சமி நிலம் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நில மீட்பு இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை ஊருக்கு ஊர் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் கிறிஸ்தவத்துக்குப் போய்விடவில்லை. அயோத்திதாசர் 1898-இல் பௌத்தத்தைத் தேர்ந்தார். 1893-இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், இதே செங்கல்பட்டு ஜில்லாக்காரர், மதம் மாறாமலே உரிமை கேட்டார். மூன்று பாதைகளிலும் நடந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: மனுசனாக நடத்து.

இப்போது ஒழுக்கத்துக்கு வருவோம். ஞானஸ்நானம் வாங்கிய சேரிக்கு மிஷன் ஒரு பட்டியல் கொடுத்தது. சாராயம் குடிக்காதே. செத்த மாட்டைத் தின்னாதே. சாமி ஊர்வலத்துக்குப் பறையடிக்கப் போகாதே. ஓய்வுநாளில் வேலை செய்யாதே. மிஷனரிக்கு இவை அஞ்ஞானத்தை விடுகிற அடையாளங்கள். சேரிக்கு அர்த்தம் வேறு. பறையடிக்க மாட்டேன் என்றால் ஊர்த் தொழும்பு செய்ய மாட்டேன் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டேன் என்றால் வாரத்தில் ஒருநாளாவது என் உடம்பு எனக்குச் சொந்தம் என்று அர்த்தம். மிராசுதாருக்கு இது உடனே புரிந்தது. ஜெபத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. திங்கட்கிழமை வயலுக்கு வருகிறவன் நிமிர்ந்து வருகிறானே என்பதுதான் அவர் கவலை.

இதில் நாம் இழந்ததும் உண்டு. பறை பேய்க்கருவி என்று ஒதுக்கப்பட்டது. பாட்டும் ஆட்டமும் அசிங்கம் என்று நம் பிள்ளைகளே நினைக்க ஆரம்பித்தார்கள். அவற்றைக் கோயிலுக்குள் திரும்பக் கொண்டுவர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியாப்பிலஸ் அப்பாவு, 2005-இல் மறையும்வரை, நாட்டுப்புற மெட்டில் ஆராதனை செய்து காட்டினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்பதே நற்கருணை என்றார். சென்னை குருகுலத்தில் அரவிந்த் நிர்மல் 1980-களில் தலித் இறையியலைப் பாடமாக்கினார்.

ஆனால் சபைக்குள் சாதி செத்துவிட்டதா? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை உடனே, முழுதாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை குடிப்பதைவிட வெளியே போவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. விசுவாசம் இருந்தால் ஒழுக்கம் தானாக வரும் என்பவர்கள் இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்.

சபை இப்படி என்றால் மதச்சார்பற்ற அரசு என்ன செய்தது? 1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்று அதன் மூன்றாவது பத்தி சொன்னது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நின்றார்கள். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என 1985-இல் தீர்ப்பு வந்தது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்ததே நிரூபணமாக அவர்களுக்குத் தெரியவில்லை. பட்டியல் சாதி நிலை மதத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

1858-ஐயும் 1950-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேரிக்காரன் அடிபட்டபோது அரசு சொன்னது: அது மதம், நான் தலையிட மாட்டேன். அவன் உரிமை கேட்டு வந்தபோது அரசு கேட்டது: உன் மதம் என்ன?

இதனால் எங்கள் பக்கத்துச் சேரிகளில் ரெண்டு பேரு இல்லாத வீடு கொஞ்சம். கோயில் பதிவேட்டில் ஒரு பேரு, ரேஷன் கார்டில் ஒரு பேரு. பொன்னேரிப் பக்கம் ஆயா ஒருத்தர் சொன்னாங்க: "ஐயரு குடுத்த பேரு ஆண்டவருக்கு. வாத்தியாரு எழுதின பேரு சர்க்காருக்கு. ரெண்டு பேருக்கும் நான் ஒருத்திதான் பதில் சொல்லணும்." பொய் சொல்லாதே என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த சனங்களைத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் தங்கள் விசுவாசத்தை ஒளித்து வைக்கச் சொல்வது யார்? பிள்ளை காலேஜில் சேர வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அடிபட்டால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆண்டவர் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. ஒழுக்கம் குறைந்துபோனதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அரசாணை வந்து நூறு ஆண்டு கடந்த பிறகு, 1994 அக்டோபர் 10-இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் பெயர் ஏழுமலை. துப்பாக்கிக்கு மதச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடுமாடு மேய்த்து, விறகும் பழமும் எடுத்து, சனங்கள் காப்பாற்றி வைத்திருந்த மேய்க்கால் நிலம் ஏறத்தாழ 1,100 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனது. 2009-இல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் டயர் கம்பெனி அங்கே ஆலை கட்ட ஒப்பந்தம் போட்டது. ஊர் எதிர்த்தது, கைதுகள் நடந்தன. 2012-இல் ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து பிரான்சில் புகார் கொடுத்தவர்களில் அந்நாட்டுக் கத்தோலிக்க அமைப்பான சிசிஎஃப்டியும் ஒன்று. கம்பெனியை நீண்ட காலம் நடத்தி 1999-இல் விலகிய பிரான்சுவா மிஷலினும் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்று பெயரெடுத்தவர்தான். கோயில்கள் காலியாகிக்கொண்டிருக்கும் நாடு என்று நம் போதகர்கள் பரிதாபப்படுகிற பிரான்சில், ஒரே திருச்சபையின் பிள்ளைகள் இந்த நிலத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். 2013-இல் புகார் பெரிய பலன் இல்லாமல் முடிந்தது, ஆலை நிற்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தேர்வாய் சனங்கள் கைதாகி வண்டியில் ஏறியபோது பக்கத்து டவுனின் எத்தனை கோயில்களில் அவர்களுக்காக ஜெபமாவது நடந்தது?

இன்றைக்குச் சிப்காட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் காண்ட்ராக்டில் வேலை செய்கிறார்கள். பலருக்குத் தங்க இடம் கொடுப்பவனும் காண்ட்ராக்டர்தான். கேள்வி கேட்டால் வேலை போகும், அன்றைக்கே ரூமும் போகும். 1891-இல் சேரிக் குடிசைக்கு மிராசுதார் என்னவாக இருந்தாரோ, அந்த ரூமுக்குக் காண்ட்ராக்டர் அதுவாக இருக்கிறான். அவன் கொடுப்பது சம்பளம், மிராசுதார் கொடுத்தது தானியம். கட்டி வைக்கும் முறை மாறவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை எத்தனை பெஞ்சு காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து ஒழுக்கத்தை அளக்க முடியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் சேரி மிஷனை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒன்று இருக்கிறது: நான் நிற்கிற மண் யாருடையது என்ற கேள்வி. ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு வரும் பையனிடம் ஏன் ஆராதனைக்கு வரலை என்று கேட்கிற ஐயர், அவனுக்கு வாரத்தில் ஒருநாள் லீவு இருக்கிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா, அவன் தங்கியிருக்கிற ரூம் யார் பேரில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்கட்டும். கேட்டுவிட்டு அவனோடு லேபர் ஆபீசுக்கும் வரட்டும்.