கருக்கலைப்புச் சட்டமும் ஆங்கில வீடும்

கருவைக் கலைக்கத் துணிந்த ஒரு பெண் அதனை எவ்விடத்தில், எவர் கையால், எப்பொருளைக் கொண்டு செய்கின்றாள் என்பதே அவள் பிழைப்பதையும் இறப்பதையும் பெரும்பாலும் முடிவு செய்து வந்துள்ளது. சட்டமோ நெடுங்காலம் வேறொரு வினாவையே கேட்டுக்கொண்டிருந்தது. தண்டிக்கப்பட வேண்டியவர் யார் என்பதே அவ்வினா. இவ்விரண்டும் மோதிக்கொண்ட வரலாறு இங்கிலாந்தில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. அந்நாட்டுச் சட்டச் சிந்தனையே கடல் கடந்து இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையிலும் இடம்பெற்றமையால், அவ்வரலாறு இத்தீவினருக்கு முற்றிலும் அயலானதன்று.

பண்டைய ஆங்கில வழக்குச் சட்டம், வயிற்றில் குழந்தை அசைவதைத் தாய் உணரும் வேளையை ஓர் எல்லையாகக் கொண்டிருந்தது. அதற்கு முன் நிகழ்ந்த கருக்கலைப்பை அது பெரிதாகக் கருதவில்லை. 1803ஆம் ஆண்டில் எலன்பரோ பிரபு கொண்டுவந்த சட்டமே இதனை முதன்முதலாக எழுத்திலமைந்த குற்றமாக்கியது. அசைவு உணரப்பட்டபின் நஞ்சூட்டிக் கருவைக் கலைத்தவனுக்கு மரண தண்டனை. அதற்கு முன்னாயின் சவுக்கடி முதல் நாடு கடத்தல் வரை. 1837இல் மரண தண்டனையும் நீங்கிற்று, அசைவு என்னும் எல்லையும் மறைந்தது. பின்னர் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, தன் கருவைத் தானே கலைக்க முயலும் பெண்ணையும் வெளிப்படையாகக் குற்றவாளியாக்கி, ஆயுட்காலச் சிறைவரை விதித்தது. அவளுடைய உயிரைக் காப்பதற்காகச் செய்யப்படின் யாது என்பது பற்றி அப்பிரிவு ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையும், அதனைத் தழுவி 1883இல் இலங்கைக்கு இயற்றப்பட்ட சட்டக்கோவையின் 303ஆம் பிரிவும், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யப்படும் கருக்கலைப்பை விலக்களித்து எழுதின. குடியேற்ற நாட்டிற்கு எழுதப்பட்ட சட்டம், எழுதியவர்களின் தாய்நாட்டுச் சட்டத்தைக் காட்டிலும் ஓரளவு இரக்கமுடையதாயிருந்தது. ஆயின் அந்த ஒரு விலக்குடனேயே இலங்கைச் சட்டம் நின்றுவிட்டது. இந்தியா 1971இல் தனிச்சட்டம் இயற்றி வேறு வழியிற் சென்றது.

சட்டம் கடுமையாக இருந்த அந்நூற்றாண்டில் ஆங்கிலத் தொழிலாளர் வீடுகளில் நடந்தது யாது? ஷெபீல்ட் நகரத்துக் குடிநீர்க் குழாய்களில் ஈயம் கரைந்து மக்கள் நஞ்சேறி வருந்திய காலமொன்றிருந்தது. அவ்வேளை, ஈயம் ஏறிய கர்ப்பிணிகளுக்குக் கரு சிதைவதைப் பெண்கள் கண்டுகொண்டனர். புண்ணுக்குப் போடும் டயக்கிலோன் என்னும் ஈயக் களிம்பு மருந்துக் கடைகளிற் சில காசுக்குக் கிடைத்தது. அதனை உருட்டிக் குளிகையாக்கி விழுங்கும் வழக்கம், எந்த விளம்பரமும் இன்றி, வாய்மொழியாகவே ஊர் ஊராகப் பரவிற்று. ஈறுகளில் நீலக்கோடு, தாங்கொணா வயிற்றுவலி, கண்பார்வை இழப்பு, வலிப்பு, சிலருக்குச் சாவு. ஆர்தர் ஹால் என்னும் ஷெபீல்ட் வைத்தியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1917இல்தான் அக்களிம்பு நஞ்சுகளின் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. இவ்வாறு மருந்துண்ட பெண்களிற் பெரும்பாலோர் மணமானவர். ஏற்கெனவே பல பிள்ளைகளைப் பெற்றவர். அடுப்படியில் நின்றுகொண்டே உருட்டிய உருண்டை அது. அவர்கள் அதனைக் குற்றமென்று எண்ணியதாகத் தெரியவில்லை.

களிம்பை நாடாதோர் பத்திரிகை விளம்பரங்களை நாடினர். "தடைபட்டதைச் சீராக்கும்" மாத்திரைகள் என்று மறைமொழியில் விற்கப்பட்டவற்றிற் பல வெறுங் கசப்புருண்டைகளே. அவ்வாறு மாத்திரை விற்ற கிரைம்ஸ் என்னும் மூன்று சகோதரர் 1898இல் ஒரு சூழ்ச்சி செய்தனர். தம்மிடம் மாத்திரை வாங்கிய ஆயிரக்கணக்கான பெண்களின் முகவரிகள் அவர்கள் கையில் இருந்தன. அரசாங்க அதிகாரியொருவர் எழுதுவதுபோல் அவ்வளவு பேருக்கும் கடிதம் அனுப்பி, செய்த குற்றத்திற்கு வழக்குத் தொடராதிருக்க இரண்டு கினி அனுப்புமாறு மிரட்டினர். பணம் அஞ்சலிற் குவிந்தது. மாத்திரையோ பயனற்றது, ஆகவே அப்பெண்களிற் பலர் எக்கருவையும் கலைத்திருக்க இயலாது. ஆயினும் அஞ்சினர். கணவர் ஒருவர் துணிந்து பொலிசாரிடம் சென்றமையால் சூழ்ச்சி வெளிப்பட்டு, மூவரும் சிறை சென்றனர். ஒரு சட்டம் எத்தகைய அச்சத்தை வீட்டுக்குள் விதைத்திருந்தது என்பதை அறிய விரும்புவோர் நாடாளுமன்ற உரைகளை விடுத்து இவ்வழக்கையே படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைமை மாறவில்லை. வசதியுள்ளவள் இலண்டன் ஹார்லி வீதியில் ஒரு நிபுணரை இரகசியமாக நாடினாள். வறியவளுக்கு அயல்வீட்டுக் கிழவியும், பீச்சுக்குழலும், சவர்க்கார நீரும் வாய்த்தன. நோர்மன் பேர்க்கெற் தலைமையிலமைந்த அரசாங்கக் குழு 1939இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 110,000 முதல் 150,000 வரையான கருச்சிதைவுகள் நிகழ்வதாகவும் அவற்றுள் நாற்பது விழுக்காடு சட்டவிரோதமானவை என்றும் மதிப்பிட்டது.

அவ்வறிக்கைக்கு முந்திய ஆண்டிலேயே நீதிமன்றத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. பதினான்கு வயதுச் சிறுமியொருத்தி இலண்டனிற் குதிரைப்படை வீரர் சிலரால் கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். ஜோன் மலெசன் என்னும் பெண் வைத்தியர் அவளுக்காக அலெக் போர்ண் என்னும் மகப்பேற்று நிபுணருக்கு எழுதினார். போர்ண் அவளைச் சென்ற் மேரி வைத்தியசாலையில் ஏற்று, 1938 ஜூன் 14ஆம் நாள் கட்டணம் எதுவுமின்றிச் சத்திரசிகிச்சை செய்து, செய்ததைத் தாமே பொலிசாருக்கு அறிவித்தார். ஜூலை மாதத்தில் வழக்கு நடந்தது. பெண்ணொருத்தி உடலாலோ உள்ளத்தாலோ சிதைந்துபோவதைத் தடுப்பதும் அவள் உயிரைக் காப்பதில் அடங்கும் என்று கொள்ளலாமென நீதிபதி மக்நாட்டன் யூரருக்கு எடுத்துரைத்தார். யூரர் போர்ணை விடுவித்தனர். இதே போர்ண் பிற்காலத்தில், சட்டத்தை அகலத் திறந்துவிடுதல் ஆகாதென்று கருதி எதிரணியிற் சேர்ந்தார் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஒரு சிறுமிக்காகச் சிறைக்குச் செல்லத் துணிந்தவர், எல்லாப் பெண்களுக்கும் அதே கதவைத் திறக்க இசையவில்லை. அவர் உள்ளத்தில் நிகழ்ந்த அப்போராட்டமே அந்நாட்டின் போராட்டமுமாகும்.

போர்ண் வழக்கு நடந்த அதே ஆண்டிற் பிறந்த டேவிட் ஸ்டீல் என்னும் லிபரல் கட்சி உறுப்பினர், இருபத்தெட்டு வயதிற் கருக்கலைப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். வயிற்றிலுள்ள சிசுவும் உயிரே. அதற்காகப் பேச வேறெவரும் இல்லை என்று கத்தோலிக்கரும் அவர்களையொத்த கருத்துடைய பிறரும் வாதிட்டனர். அவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மறுபுறத்தாரோ, கருக்கலைப்பு நடக்குமா நடவாதா என்பது கேள்வியே அன்று, அது சமையலறையில் நடப்பதா வைத்தியசாலையில் நடப்பதா என்பதே கேள்வி என்றனர். 1967 ஜூலையில் 167க்கு 83 என்னும் வாக்குகளால் கீழ்ச்சபை மசோதாவை நிறைவேற்றிற்று. 1968 ஏப்ரல் 27ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இரு வைத்தியர் நல்லெண்ணத்துடன் சான்று தரவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே சிகிச்சை நடைபெற வேண்டும். 1861ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. அதன்மேல் ஒரு விலக்கு மட்டும் போர்த்தப்பட்டது. வட அயர்லாந்துக்கு அவ்விலக்கும் கிட்டவில்லை. எனினும் பலன் பெரிது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்திற் பிரசவகால இறப்புகளுக்கு முதன்மைக் காரணமாயிருந்த கருக்கலைப்பு, அந்த இடத்தைப் படிப்படியாக இழந்தது.

வீடு ஆபத்தான இடம், வைத்தியசாலை காப்பான இடம் என்று சட்டம் இவ்வாறு கோடு கிழித்தது. அக்கோட்டினைக் குழப்பியது ஒரு மாத்திரை. பிரான்சு நாட்டின் ரூசெல் யுக்ளாப் நிறுவனத்தில் உருவான மிபெப்ரிஸ்டோன், கருவைத் தாங்கி நிற்கும் புரொஜெஸ்தரோன் என்னும் இயக்குநீரின் வேலையைத் தடுப்பது. அதன்பின் கொடுக்கப்படும் மிசோப்ரோஸ்டோல் கருப்பையைச் சுருங்கச் செய்வது. இஃது இரைப்பைப் புண்ணுக்கென வந்த மருந்து. 1988இல் பிரான்சு மிபெப்ரிஸ்டோனுக்கு அனுமதி தந்தபோது எழுந்த எதிர்ப்பினால் நிறுவனம் மருந்தை மீட்டுக்கொள்ள, அரசாங்கம் இரண்டே நாளில் அதனை மீண்டும் விற்பனைக்கு விடுமாறு கட்டளையிட்டது. பிரித்தானியா 1991இல் அனுமதி வழங்கிற்று.

கத்தியும் மயக்கமருந்தும் வேண்டாத சிகிச்சைக்கு, சத்திரசிகிச்சைக் கூடத்தை மனதிற்கொண்டு எழுதிய சட்டம் பொருந்தவில்லை. இரண்டாம் மாத்திரையையும் பெண் வைத்தியசாலைக்கு வந்தே உட்கொள்ள வேண்டியிருந்தது. வீடு திரும்பும் வழியில், பேருந்திலோ வாடகை வண்டியிலோ உதிரம் பெருகத் தொடங்கிய பெண்கள் பலர். 2011இல் மேல்நீதிமன்றம், மாத்திரையை உட்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே ஆதலின் வீட்டில் உண்ணச் சட்டம் இடந்தராதென்று தீர்ப்பளித்தது. ஆயின் வீட்டை அங்கீகரிக்கப்பட்ட இடமாக அறிவிக்கும் அதிகாரம் அமைச்சருக்குண்டென்பதையும் அத்தீர்ப்பு சுட்டிற்று. 2018இன் இறுதியில் இங்கிலாந்து அவ்வதிகாரத்தை இரண்டாம் மாத்திரைக்குப் பயன்படுத்திற்று. 2020 மார்ச்சில், கொவிட் கொள்ளைநோயால் நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது, தொலைபேசி ஆலோசனையின் பின் இரு மருந்துகளையும் அஞ்சலிற் பெற்று, பத்து வாரத்திற்குட்பட்ட கருவை வீட்டிலேயே கலைக்கத் தற்காலிக அனுமதி வந்தது.

நேரிற் பாராமல் மருந்தனுப்புதல் தகுமா என்ற ஐயம் நியாயமானதே. கருவின் வயதைப் பெண் தவறாகக் கணித்திருக்கலாம். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். அருகில் நின்று கணவனோ பெற்றோரோ வற்புறுத்துவதைத் தொலைபேசி காட்டாது. 2021இல் வெளிவந்த ஆய்வொன்று அம்மாற்றத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த 52,142 மருந்துவழிக் கருக்கலைப்புகளை ஒப்பிட்டது. பழைய முறையில் 98.2 விழுக்காடும் புதிய முறையில் 98.8 விழுக்காடும் வெற்றி கண்டன. கடுமையான தீங்குகள் முறையே 0.04, 0.02 விழுக்காடு. காத்திருக்கும் நாட்கள் சராசரியாக நான்குக்கு மேல் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2022ஆம் ஆண்டின் வழிகாட்டலில், சரியான தகவலும் தரமான மருந்தும் வேண்டியபோது வைத்திய உதவியும் கிட்டுமாயின், பன்னிரண்டு வாரம் வரை பெண்ணே இதனைக் கையாளலாமென ஏற்றது. அந்த நிபந்தனைகளே பாதுகாப்பின் உயிர்நாடி. ஈயக் களிம்பு உருட்டிய வீட்டுக்கும் இவ்வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுவரில் இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் ஒரு தாதி இருப்பதில் உள்ளது. 2022 மார்ச் 30ஆம் நாள் கீழ்ச்சபை 215க்கு 188 என்னும் வாக்குகளால் அனுமதியை நிலையானதாக்கிற்று. வாக்குகளின் நெருக்கமே கருத்துப் பிளவின் ஆழத்தைக் காட்டும்.

ஐயுற்றோருக்குச் சான்றாகவும், சட்டத்தைச் சாடியோருக்குச் சான்றாகவும் ஒரே வழக்கு அமைந்தது. பத்து வாரத்திற்குட்பட்டதென நம்பவைத்து 2020இல் மருந்து பெற்ற தாயொருத்தி, உண்மையில் ஏழு மாதம் கடந்த கருவைக் கலைத்திருந்தாள். 2023 ஜூனில் அவளுக்கு இருபத்தெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. நேரிற் பார்த்திருந்தால் இது நேர்ந்திராதென்றனர் ஒரு சாரார். விக்டோரியா அரசியின் காலத்துப் பிரிவைக் கொண்டு மூன்று பிள்ளைகளின் தாயைச் சிறையிலடைப்பதோ என்றனர் மறுசாரார். அடுத்த மாதமே மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைப் பதினான்கு மாதமாகக் குறைத்து, ஒத்திவைத்து, அவளை வீட்டுக்கு அனுப்பியது.

2025 ஜூன் 17ஆம் நாள் கீழ்ச்சபை அந்த 1861ஆம் ஆண்டுப் பிரிவை மீண்டும் கையிலெடுத்தது. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணை இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றவாளியாகக் கொள்ளலாகாதென்னும் திருத்தத்திற்கு ஆதரவாக 379 உறுப்பினரும் எதிராக 137 உறுப்பினரும் வாக்களித்தனர். சட்டத்துக்குப் புறம்பாக அவளுக்குத் துணை செய்வோர்மீது அப்பிரிவு செல்லும் என்பதையும், வைத்தியரைக் கட்டுப்படுத்தும் 1967ஆம் ஆண்டு நிபந்தனைகளையும் அத்திருத்தம் தொடவில்லை.