ரேடியோவைத் தட்டிய காலமும் கொடைக்கானல் மலையும்

1987-90 இயற்பியல் செட் நண்பர்களுக்கு நினைவிருக்கும். விடுதி வராந்தாவில் ஒரே ஒரு ரேடியோ. இரவு பி.பி.சி. தமிழோசை கேட்க அதைச் சுற்றி ஒரு கூட்டம். மார்ச் மாதம் வந்தால் போதும், குரல் அலையலையாக ஏறி இறங்கும், சில நாள் சுத்தமாகக் கரைந்தே போகும். "பேட்டரி வீக்குடா!" என்று ஒருவன் தட்டுவான். வசூல் போட்டு நான்கு பேட்டரி புதிதாக வாங்கிப் போட்டோம். அப்போதும் அதே கதைதான்.

குற்றம் பேட்டரியில் இல்லை. நம் தலைக்கு மேல், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அனுப்பிய 'எஸ்' எழுத்தின் சைகையை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கேட்டதாக அறிவித்தார். நேராகச் செல்லும் அலை உருண்டையான பூமியை எப்படிச் சுற்றியது? மேலே மின்னேற்றம் கொண்ட ஒரு அடுக்கு இருந்து திருப்பி அனுப்புகிறது என்று 1902-ல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924-ல் ஆப்பிள்டன் அதை மெய்ப்பித்து, 1947-ல் நோபல் பரிசு பெற்றார். அலையை மேலே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு அடுக்கின் உயரத்தை அளக்கும் அயனோசோண்டு கருவி இந்த வழியில் பிறந்ததுதான்.

இனி நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிச் செல்கிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை ஏவியதும் இதனால்தான். 1899-ல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்ட கொடைக்கானலில் 1950-களிலேயே அயனோசோண்டு வேலை செய்தது. அந்தக் குளிரில் இரவெல்லாம் விழித்துப் பதிவெடுத்தவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பிறகு திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் வந்தது.

அப்படி என்னதான் நடக்கிறது மேலே? சூரியன் மறைந்ததும் இங்கே அயனி மண்டலம் சட்டென்று உயரும். அதன் அடிப்பகுதியில் எலெக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்து குறைந்துவிட, அடர்த்தியானது மேலேயும் லேசானது கீழேயுமாக நிற்கும். எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் சும்மா இருக்குமா? அதுபோல லேசான பகுதி குமிழிகளாக மேலே கிளம்புகிறது. அவற்றின் வழியே வரும் அலை நட்சத்திரம் போல மினுக்குகிறது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களிலும், சூரியன் உச்ச வேகத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் தொல்லை அதிகம். நாம் படித்ததோ சரியாக அப்படி ஒரு உச்சத்தில்! 1989 மார்ச் 13 அன்று காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணமே இருளில் மூழ்கியது.

ரேடியோ போனால் பாட்டும் செய்தியும் போகும், அவ்வளவுதான். ஜி.பி.எஸ். தடுமாறினால் விமானமல்லவா தடுமாறும்? நம் வானத்தில் மோசமான நாட்களில் இந்த மண்டலத்தின் தாமதத்தால் மட்டுமே பத்து மீட்டருக்கு மேல் பிழை வரலாம். அமெரிக்கர்களின் திருத்தமுறை அவர்கள் வானத்துக்குச் செய்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியவில்லை. 'ககன்' திட்டத்துக்காக இஸ்ரோ நம் வானத்துக்கென்றே தனி மாதிரியை உருவாக்க வேண்டியிருந்தது. தரைநிலையங்கள் அளந்த பிழை, செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குச் சொல்லப்படுகிறது. 2013 டிசம்பரில் முதல் சான்றும், தரையிறங்க வழிகாட்டும் சான்று 2015-லும் கிடைத்தன. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஒரு பயணிகள் விமானம் அதைக் கொண்டு இறங்கிப் பார்த்தது.

2024 மே மாதப் புயலில் அமெரிக்க விவசாயிகளின் டிராக்டர்கள் வழி தெரியாமல் விதைப்பு நடுவே நின்றன என்று படித்தபோது, நம் வராந்தா ரேடியோதான் கண்முன் வந்தது. அந்த நான்கு பேட்டரிக்குத் தங்கள் பங்கை இன்னும் தராத இருவர் இம்மலரைக் கட்டாயம் படிப்பார்கள். சந்திப்பு நாளில் கையோடு கொண்டுவரவும்.