இசைத்தட்டில் பதிந்த ஓதலும் பாட்டும்



மீஞ்சூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கும் பொருள்களுள் இசைத்தட்டுகளும் உண்டு. பிள்ளைகளுக்கு அவை என்னவென்று தெரிவதில்லை. பெரியவர்களுக்கோ அவற்றைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. ஆகவே நேரே பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன. நம் சமுதாயத்தின் செவிவழி வரலாற்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

ஒலியைப் பதியும் கருவியை எடிசன் 1877இல் உருவாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. அதில் இறைமறை ஓதலும் பதியப்பட்டபோது உலமாப் பெருமக்களின் முன் புதியதொரு வினா எழுந்தது. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில், ஹளரமீ மரபில் வந்த ஸய்யித் உத்மான் (ரஹ்) அவர்கள் 1899இல் இதுபற்றி ஃபத்வா எழுதினார்கள். வேடிக்கைப் பொருளாகக் காட்டப்படும் பெட்டிக்குள் திருமறை அகப்படுவது அவர்களுக்கு உவப்பாக இல்லை. கெய்ரோவில், பின்னாளில் எகிப்தின் முஃப்தியான முஹம்மத் பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள் 1906இல் தனி நூலே எழுதி, கண்ணியம் பேணப்படுமானால் கேட்கலாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள். இருவரின் கவலையும் ஒன்றுதான். கருவி ஒரு கருவியே. அதன் முன் மனிதன் எப்படி அமர்கிறான் என்பதே கேள்வி.

ஸஜ்தா வசனம் தட்டில் ஒலித்தால் கேட்டவர் ஸஜ்தா செய்ய வேண்டுமா என்ற வினாவும் உடன் வந்தது. எதிரொலியாகக் கேட்ட ஓதலுக்கு ஸஜ்தா கடமையாவதில்லை என்று ஹனஃபி நூல்களில் முன்பே சட்டம் இருந்தது. பிற்கால உலமாக்கள் பலர் இசைத்தட்டையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள். மலையில் பட்டுத் திரும்பும் குரலைப் பற்றி எப்போதோ எழுதிவைத்த சட்டம் இருபதாம் நூற்றாண்டுப் பெட்டிக்கு விடை தந்த அழகை மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் நான் வியப்பதுண்டு.

நம் நாட்டில் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவைத் தொடங்கினார். 1908இல் அந்நகரின் சியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் அது டம்டமுக்கு மாறியது. அக்காலத் தட்டு அரக்கால் ஆனது. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்கைக் கல்பொடியுடன் கலந்து அழுத்திச் செய்தார்கள். உலகம் முழுவதும் சுழன்ற தட்டுகளுக்கு அரக்குப் பெருமளவில் இந்தியக் காடுகளிலிருந்தே போயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே பாடும். நீண்டநேரம் பாடும் வினைல் தட்டு 1948இல் அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆயினும் இந்தியாவில் அரக்குத் தட்டு எளிதில் ஓயவில்லை. 1960களில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டாக வந்தன.

சென்னையில் 1930களில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் முதலான நிறுவனங்கள் தமிழ்த் தட்டுகளைப் பரப்பின. இந்த வழியில்தான் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரலும் ஊர் ஊராகச் சென்றது. கச்சேரிக்குப் போக வாய்ப்பில்லாத நம் பெண்மக்கள் அக்குரலைத் தட்டிலும் வானொலியிலும் கேட்டனர். நிக்காஹ் வீட்டுப் பந்தலில் சவுண்ட் சர்வீஸ்காரர் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி முதலில் போடுவது அவருடைய தட்டாகத்தான் இருக்கும். இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் இங்கு நான் நுழையவில்லை. தமிழ் முஸ்லிம்களின் வரலாறு எழுத வருகிறவர் அந்தத் தட்டுகளைத் தவிர்த்து எழுத முடியாது என்பது மட்டும் உறுதி.

1961இல் எகிப்தில் பெரும்பணி ஒன்று நிறைவேறியது. ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்கள் ஹஃப்ஸ் அறிவிப்பின்படி குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிந்த தட்டுகள் வெளியாயின. அதற்குமுன் தட்டில் கிடைத்தவை சில சூராக்களே. உஸ்தாதின் வாய்பார்த்து ஓதும் முறைக்கு அது மாற்றாகவில்லை. ஆனால் உஸ்தாத் இல்லாத ஊரில் தஜ்வீதுக்கு அளவுகோலாயிற்று.

இனிப் பெட்டியைப் பற்றி. தானியங்கிப் பிளேயர் 1920களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. நடுத் தண்டில் தட்டுகளை அடுக்கிவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே விழும். பாட்டு முடிந்தபின் வரும் பள்ளம் விரைந்து உள்நோக்கிச் சுழல்கிறது. அவ்வேகத்தால் முள் தாங்கும் கை சட்டென நகர, அடியிலுள்ள பல்சக்கரம் இயங்கிக் கையைத் தூக்குகிறது. அந்நேரம் கையைப் பிடித்து இழுப்பதே பழுதுக்கு முதற்காரணம். நெடுநாள் கிடந்த பெட்டியில் கை திரும்ப மறுத்தால் பெரும்பாலும் கிரீஸ் இறுகியிருக்கும். பழையதை வழித்துவிட்டுப் புதிது இடவேண்டும். நம் பக்கத்தில் மின்வெட்டு புதிதன்று. பாதியில் மின்சாரம் போனால் குமிழைத் திருப்பி நிறுத்திவிடுங்கள். இல்லையேல் உள்ளிருக்கும் ரப்பர்ச் சக்கரம் அழுந்திய இடத்தில் தட்டையாகி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ‘டக் டக்’ என்று அடிக்கும். ஓதல் தட்டை அடுக்கில் ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போவது வேண்டாம். ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்கச் சொல்லும் அல்அஃராஃப் 204ஆம் வசனம் நினைவிருக்கட்டும். தட்டின்மேல் தட்டு விழுந்து உராய்வதும் நல்லதன்று.

கழுவும் முன் தட்டு எவ்வகை என்று பாருங்கள். கனமாய், விறைப்பாய் இருப்பது அரக்கு. இலேசாய் வளைவது வினைல். அரக்கின்மேல் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படவே கூடாது, அது கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், பள்ளம் சுற்றும் திசையிலேயே துடைத்து உடனே உலர்த்த வேண்டும். வினைலுக்கு ஒரு துளி மென்சோப்பு சேர்க்கலாம். இருவகையிலும் நடுவிலுள்ள லேபிள் நனையக்கூடாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தை அடுத்து வாழும் நமக்குச் சாம்பல் தூசி தனித் தொல்லை. அத்தூசியில் மணல்போல் கடினமான துகள்கள் உண்டு. துடைக்காமல் முள்ளை வைத்தால் அவை பள்ளத்தை அரைத்துவிடும்.

அரக்குத் தட்டுக்கு அகன்ற முள், வினைலுக்கு நுண்ணிய முள். பழைய பிளேயர்கள் பலவற்றில் முள்ளைத் திருப்ப ஒரு சிறு பிடி இருக்கும். சாவி கொடுக்கும் கிராமபோனில் வினைலை ஒருபோதும் வைக்காதீர்கள்; அதன் கனத்த கை ஒரே ஓட்டத்தில் தட்டைக் கெடுத்துவிடும். தட்டுகளை நூல்களைப் போல் நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினாலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அடியில் வைத்தாலும் நெளிந்துவிடும்.

ஓடக்கூடிய நிலையில் பெட்டி கிடைத்தால் கணினியுடன் இணைத்து ஒருமுறை பதிந்துகொள்ளுங்கள். லேபிளைப் படம் எடுங்கள். லேபிளைச் சுற்றிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதி வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் லேபிளும் உறையும் பூஞ்சை பிடித்து அழிந்தாலும், யார் எப்போது பாடியது என்பதைத் தேட அந்த எண் உதவும்.