பசையிலிருந்து தூண்டுபொருளுக்கு: தட்டணுச் செறிவுப் பிளாஸ்மாவின் வரலாறு

வாய், தாடை அறுவை மருத்துவத்தில் தட்டணுச் செறிவுப் பிளாஸ்மா முதலில் ஒரு பசையாகவே பார்க்கப்பட்டது. அது எலும்பணுக்களைத் தூண்டும் பொருளாகக் கருதப்படலான மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1974இல் ரஸ்ஸல் ராஸ் குழுவினர், தட்டணுக்களிலிருந்து வெளிப்படும் காரணியொன்று தமனித் தசையணுக்களைப் பெருகச் செய்வதை ஆய்வுக்கூடத்தில் காட்டினர். எனினும் 1997இல் விட்மன் குழுவினர் தட்டணுக் கூழை முன்வைத்தபோது, ஃபைப்ரின் பசைக்கு மாற்று என்றே அதனை அறிமுகப்படுத்தினர்.

1998இல் மார்க்ஸ் குழுவினர் 88 நோயாளிகளின் கீழ்த்தாடை எலும்பு ஒட்டுகளை ஒப்பிட்டனர். ஆறு மாதங்களில் பிளாஸ்மா சேர்த்த ஒட்டில் எலும்புப் பரப்பு ஏறத்தாழ 74 விழுக்காடாகவும், சேர்க்காததில் 55 விழுக்காடாகவும் இருந்தது. வளர்ச்சிக் காரணி என்னும் கருத்து இதன்பின்னரே பல் மருத்துவத்தில் வேரூன்றியது.

ஆனால் அவ்வொட்டுகள் நோயாளியின் சொந்த எலும்பால் ஆனவை. காரணிகளை ஏற்கும் உயிரணுக்கள் அவற்றில் இருந்தன. உயிரணுக்களற்ற மாற்றெலும்புப் பொருள்களுடன் கலந்தபோது அத்தகைய பயன் சீராகக் கிட்டவில்லை. 2004இல் வைப்ரிக் குழுவினர் முயல்களில் செய்த ஆய்வு, இடைப்பட்ட செறிவே பயன் தருகிறது என்றும், மிகைச் செறிவு எலும்பாக்கத்தைத் தடுக்கக்கூடும் என்றும் உணர்த்தியது.

இதற்கிடையே 2001இல் பிரான்சின் ஷுக்ருன் குழுவினர், உறைவுத் தடுப்பான் சேர்க்காத ஃபைப்ரின் வலையை அறிமுகப்படுத்தினர். ஒதுக்கப்பட்ட பசையே காரணிகளைத் தாங்கும் சாரமாக மீண்டது.

ஆகவே, முரண்பட்ட முடிவுகளுக்குப் பிளாஸ்மாவை மட்டும் பொறுப்பாக்குதல் பொருந்தாது. ஒட்டின் தன்மை, தட்டணுச் செறிவு, தயாரிப்பு முறை ஆகிய மூன்றையும் குறிப்பிடாத ஒப்பீடு வரலாற்றுச் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் முடிபு.