வாய்தாவில் தொலையும் தந்தை: மணமுறிவும் குழந்தைச் சந்திப்பு உரிமையும்

1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையையே மைனர் குழந்தையின் முதல் இயற்கைக் காப்பாளர் என்கிறது. அவருக்குப் பின்னரே தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே 6ஆம் பிரிவில்தான் வருகிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்சநீதிமன்றம் தாயின் இடத்தை ஓரளவு உயர்த்தியது. தந்தையின் இடத்தைப் பறிக்கவில்லை. ஏட்டளவில் இத்தனை வலுவான தந்தை, மணமுறிவு வழக்கு தொடங்கியதும் வாரம் ஒருமுறை, நீதிமன்றம் குறித்த இடத்தில், குறித்த சில மணி நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளியாகிவிடுகிறார்.

நீதிமன்றங்கள் பெண்கள் பக்கம் சாய்வதே இதற்குக் காரணம் என்று தந்தையர் உரிமை பேசுவோர் சொல்கிறார்கள். அந்த விளக்கம் போதாது என்பது என் வாதம். பெரும்பாலும் உறவு அற்றுப்போவது தீர்ப்பினால் அல்ல, தீர்ப்புக்கு முந்தைய வாய்தாக்களில். வழக்கு நீள நீள, பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே காலம் சாதகமாகிறது. பிரிவின்போது பிள்ளை பெரும்பாலும் தாயோடு போவதால், அடிபடுபவர் பெரும்பாலும் தந்தையாக இருக்கிறார்.

தந்தையின் கையில் பிள்ளை சிக்கிய வழக்குகளைப் பார்த்தால் இது தெளிவாகும். 2017இல் உச்சநீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், தாய் வீட்டைவிட்டு வெளியேறியபோது மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. மகள் தந்தையிடமே தங்கிவிட்டாள். வழக்கு தீர்ந்தபோது அவள் எட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தாள். தாயோடு போக அவள் விரும்பவில்லை. அந்த விருப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு பக்கமே வளர்ந்ததால் உண்டான மனநிலை அது என்று கருதி, நீதிமன்றம் அவளைத் தாயிடம் ஒப்படைத்தது. இங்கே பிள்ளைக்கு அந்நியமானவர் தாய். சட்டம் அதேதான், வாய்தாவும் அதேதான், ஆள்தான் மாறியிருக்கிறார்.

இத்தகைய மறுப்புக்குப் 'பெற்றோர் அந்நியமாதல் நோய்க்குறி' என்று பெயரிட்டவர் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் (1985). அந்தச் சொல்லை நம் நீதிமன்றங்கள் கடன் வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வீட்டில் அடி உதையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் நியாயமான பயத்தையும் அது நோயாக்கிவிடக்கூடும். பிள்ளையின் மனத்தில் நஞ்சு கலந்தவர் யார் என்ற ஆராய்ச்சியைவிட, அத்தனை ஆண்டுகள் சந்திப்பு நிகழாமல் எப்படிப் போனது என்ற கேள்வியே பயனுள்ளது.

அதற்கான விடை நடைமுறையில் கிடக்கிறது. மனு போடுகிறார்கள், எதிர்மனுவுக்கு அவகாசம், கவுன்சலிங், வேறு ஊர் நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றக் கோரி இன்னொரு மனு. இடையில் பள்ளிக்கூடம், நண்பர்கள், டியூஷன் என்று பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை அமைந்துவிடுகிறது. அதைக் கலைப்பது நலனுக்கு உகந்ததல்ல என்ற முடிவு பிறகு இயல்பாகவே வந்து சேர்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் கொள்ள இடம் தருகிறது. ஆனால் அந்த விருப்பத்தையே வாய்தா வளர்த்துவிட்டிருக்கும். குழந்தை யார் பொறுப்பில் என்ற உத்தரவு என்றைக்கும் இறுதியானதல்ல, தேவைக்கேற்ப மாற்றலாம் என்று 1973இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றக் கேட்டு வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறதே!

பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போதே மற்றவர் எப்போது, எப்படிச் சந்திப்பார் என்பதையும் உத்தரவில் எழுத வேண்டும், தொலைவில் இருப்பவருக்குத் தொலைபேசி, வீடியோ அழைப்பு உரிமையாவது வேண்டும் என்று 2020இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. நல்ல வழிகாட்டல்தான். ஆனால் போனை எடுக்காவிட்டால்? குடும்ப நீதிமன்ற உத்தரவுக்கு உரிமையியல் ஆணையின் வலு உண்டு. அதை நிறைவேற்றக் கேட்பதும் இன்னொரு மனு, இன்னொரு வாய்தா. உத்தரவை மீறியதற்காகத் தாயைச் சிறைக்கு அனுப்பினால் பிள்ளை அந்தத் தந்தையோடு முகங்கொடுத்துப் பேசுமா என்பது வேறு கேள்வி.

2022இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேறொரு வழியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்க்க வரும் முன்னாள் கணவரை விருந்தினராக நடத்தி, உணவும் கொடுக்கும்படி தாய்க்கு உத்தரவிட்டார். இரு நீதிபதிகள் அமர்வு அதைப் பின்னர் நீக்கியது, நீக்கியதே சரி. உபசாரத்தை உத்தரவால் வரவழைக்க முடியாது. ஆனால் அவர் தொட்ட சிக்கல் உண்மையானது. நீதிமன்ற வளாகத்து அறையில் தந்தையும் பிள்ளையும் என்னதான் பேசுவார்கள்?

சரிபாதிப் பொறுப்பைச் சட்டப்படியான பொதுவிதியாக்க வேண்டும் என்பது தந்தையர் இயக்கங்களின் கோரிக்கை. 2015 மே மாதம் வெளியான சட்ட ஆணையத்தின் 257ஆம் அறிக்கை கூட்டுப் பொறுப்புக்கு வழி திறக்கப் பரிந்துரைத்தது. ஆனால் அதைப் பொதுவிதியாக்காமல் பிள்ளையின் நலனுக்கு உட்படுத்தியது. அந்த எச்சரிக்கை தேவைதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், தீங்கு நேரும் என்று மாஜிஸ்திரேட் கருதினால் சந்திப்பையே மறுக்கச் சொல்கிறது. பாதிப் பாதி என்ற கணக்கு, வன்முறைக்கு ஆளான தாய்மாரை மீண்டும் பேரத்துக்கு இழுக்கும். ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் ஏற்கெனவே நடக்கும் பேரங்கள். ஜீவனாம்சம், சந்திப்பு இரண்டுமே பிள்ளைக்கு உரியவை. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவும் பெற்றோரோடு தொடர்பு வைத்திருப்பதைக் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது.

எனவே சீர்திருத்தம் முதல் வாய்தாவில் தொடங்க வேண்டும். வன்முறைக் குற்றச்சாட்டு உண்டா என்பதை அன்றே பரிசீலித்து, இல்லாத இடத்தில் அந்த வாரமே இடைக்காலச் சந்திப்பைத் தொடங்கலாம். உள்ள இடத்தில் கண்காணிப்போடு தொடங்கலாம், அல்லது காரணம் எழுதி மறுக்கலாம். சின்னப் பிள்ளைக்கு மாதம் ஒரு முழுநாளைவிட வாரம் இரண்டு மணி நேரம் மேல். தவறிய சந்திப்புக்கு மாற்று நாளை அதே உத்தரவில் எழுதிவிட்டால் புது மனு தேவைப்படாது.

சந்திப்பு நடக்கும் இடத்தைப் பற்றியும் ஒன்று. பிரிவில் பிள்ளை தந்தையை மட்டுமா இழக்கிறது? அத்தையும் அப்பத்தாவும் சித்தப்பாவும் சேர்ந்தே போகிறார்கள். உத்தரவுகளோ பெரும்பாலும் தந்தையின் பெயரோடு நின்றுவிடுகின்றன. காது குத்தில் மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் பிள்ளைக்குக் கிடைக்கிறார். சீராட்ட வேண்டிய அத்தை கிடைப்பதில்லை. இரு தரப்பும் ஒப்பும் அத்தை வீட்டையோ பெரியப்பா வீட்டையோ சந்திப்பு இடமாகக் குறிக்க இன்றைய சட்டத்திலேயே தடையில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடைக்கால ஏற்பாட்டுக்கு அதிகாரம் தருகிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், சமரசத்துக்காகத் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளவும் நீதிமன்றத்தை அனுமதிக்கிறது.