கொல்லன் மறுத்த விலங்கு

ஷேக்ஸ்பியரின் 'ஜான் மன்னன்' நாடகத்தை வாசித்தவர்களுக்கு ஹியூபர்ட் என்ற பெயர் நினைவிலிருக்கும். சிறுவன் ஆர்தரின் கண்களைச் சுட்டுப் பொசுக்க ஏவப்பட்டு, மனம் இளகிப் பின்வாங்குபவன். வரலாற்றின் ஹியூபர்ட் டி பர்க்கோ ஒரு காலத்தில் இங்கிலாந்தையே ஏறத்தாழ ஆண்டவர்.

நார்ஃபோக்கின் சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, அரச ஊழியத்தால் உயர்ந்தவர். ஜானின் அண்ணன் மகனும் அரியணைக்குப் போட்டியாளனுமான ஆர்தர் 1202இல் பிடிபட்டு, நார்மண்டியின் ஃபலேஸ் கோட்டையில் இவர் காவலில் வைக்கப்பட்டான். அவன் கண்களைப் பறிக்கும்படி வந்த ஆணையை இவர் நிறைவேற்றவில்லை என எழுதுகிறார் அக்காலச் சரிதக்காரரான ரால்ஃப் என்னும் துறவி. (ஆர்தர் தப்பவில்லை, ரூவானுக்கு மாற்றப்பட்டபின் 1203இல் காணாமற்போனான்.)

1215இல் ஹியூபர்ட் ஜஸ்டிசியர் ஆனார். நீதி, நிர்வாகம் இரண்டுக்கும் மன்னனுக்கு அடுத்த பதவி அது. மறு ஆண்டு பிரெஞ்சு இளவரசன் லூயி படையெடுத்தபோது டோவர் கோட்டையைக் கைவிடாது காத்தார். 1217 ஆகஸ்டில், சாண்ட்விச் அருகே கடற்போரில் லூயிக்கு வந்த துணைப்படையை முறியடித்தார். காற்றோடு சுண்ணாம்புப் பொடியைத் தூவி எதிரிகளின் கண்களைக் குருடாக்கிய போர் அது. ஃபலேஸை நினைத்தால் ஒரு விசித்திரமான முரண்தான்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1222இல் லண்டனில் கலகம் மூண்டபோது, லூயியின் பெயரை முழங்கிய கான்ஸ்டன்டைன் என்ற நகரப் பிரமுகரை விசாரணையின்றித் தூக்கிலிட்டார். நீதியின் தலைவரே நீதியைத் தாண்டினார்; லண்டன் அதை மறக்கவில்லை. நிலங்களும் கோட்டைகளும் குவிந்தன. 1227இல் கென்ட் பிரபுவானார்.

ஒன்பது வயதில் அரியணையேறி, இவர் நிழலில் வளர்ந்த மூன்றாம் ஹென்றி 1232இல் இவரைப் பதவியிலிருந்து நீக்கினான். எசெக்ஸில் ஒரு சிற்றாலயத்தில் அடைக்கலம் புகுந்தவரை வீரர்கள் வெளியே இழுத்தனர். விலங்கு பூட்டக் கொல்லன் ஒருவனை அழைத்தனர். யாருக்கென்று கேட்டறிந்த அவன், டோவரையும் கடற்போரையும் சொல்லி, அந்நியரிடமிருந்து நாட்டைக் காத்தவர் கால்களில் இரும்பைப் பூட்டுவதைவிடச் சாவதே மேல் என்று மறுத்தானாம்.

இதை எழுதிய சரிதக்காரர் ஹியூபர்ட்டின் மீது பரிவுகொண்ட துறவி. அப்பேச்சு கொல்லனுடையதா, துறவியுடையதா என்று நாம் ஐயுறலாம். எனினும் முப்பதாண்டுக்கு முன் ஃபலேஸில் ஹியூபர்ட் செய்ததையே அவன் செய்தான். அரச ஆணைக்கு இணங்க மறுத்தான்.

விலங்கில்லாமலே லண்டன் கோபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார் ஹியூபர்ட். 1234இல் மன்னனோடு சமாதானம் ஏற்பட்டது. பழைய பதவி திரும்பவில்லை. 1243இல் இறந்தார். அந்தக் கொல்லனின் பெயரைச் சரிதக்காரர் குறித்துவைக்கவில்லை.