கணக்கு லேட் ஆனா அரசுப் பள்ளிக்கு பணம் வருமா? சிம்பிள் விளக்கம்!

திருத்தணியில் 80 பேர் படிக்கும் ஓர் அரசுப் பள்ளி என வைத்துக்கொள்வோம். சாக்பீஸ், கரண்ட் பில், கழிப்பறை சுத்தம் எல்லாத்துக்கும் வரும் பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரைதான். காகித வேலை எங்கேயாவது நின்றால், இந்தப் பணமும் நிற்கும். எப்படி?

பணம் யார் தருவது?

2018-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதாவது ‘சமக்ர சிக்‌ஷா’. மத்திய அரசு 60%, மாநில அரசு 40%.

லேட் ஆனால் என்ன ஆகும்?

2021-ல் வந்த மத்திய நிதியமைச்சக விதிப்படி, ஒரு தடவைக்கு 25%-க்கு மேல் தரமாட்டார்கள். அடுத்த தவணை வேணும்னா 2 நிபந்தனை:

* மாநிலம் தன் பங்கைத் திட்டத்தின் வங்கிக் கணக்கில் போட்டிருக்கணும்.
* முன்பு வந்த பணத்தில் 75% செலவாகி, கணக்கில் ஏறியிருக்கணும்.

ஒரு பள்ளி ரசீதைப் பதிவு செய்யாவிட்டால், செலவு செய்த பணமும் செலவாகாததுபோலவே தெரியும். பல மாவட்டங்களில் இப்படி நடந்தால், மாநிலம் முழுக்க தவணை தள்ளிப்போகும்.

கையெழுத்தே போடலைன்னா?

அதுதான் தமிழ்நாட்டில் நடந்தது. தேசிய கல்விக் கொள்கையோடு இணைந்த ‘பி.எம். ஸ்ரீ’ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. இதையடுத்து 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. திட்ட ஊழியர்களின் சம்பளம் தாமதமானது. மாநில அரசு சொந்த நிதியில் சமாளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடர்ந்தது.

திருத்தணியைத் தாண்டினால் ஆந்திராவின் நகரி. ஆந்திரா பி.எம். ஸ்ரீ-யில் சேர்ந்துவிட்டதால், அங்கே இந்தத் தடை இல்லை.

தனியார் பள்ளி 25% இடங்கள்?

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் சேரும் ஏழை மாணவர்களின் கட்டணத்துக்கும் இதே திட்டத்தில்தான் நிதி வருது. பணம் வராததால் 2025-26 சேர்க்கை தடைபட்டது. இந்த நிதியைக் கல்விக் கொள்கையோடு இணைக்க வேண்டியதில்லை என 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அந்தப் பங்கு விடுவிக்கப்பட்டு, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பாதி கல்வியாண்டே போய்விட்டது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

அரசுகளுக்கு இடையிலான பிரச்னையை ஊர்க்காரர்கள் தீர்க்க முடியாது. ஆனா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த 3 கேள்வியைக் கேட்கலாம்:

* இந்த வருஷ மானியம் எவ்வளவு வந்தது?
* எதுக்கு செலவானது?
* ரசீது பதிவாகிவிட்டதா?

மார்ச் கடைசி வரை காத்திருக்காமல், இப்போதே கேளுங்க.